ஒன்றேகால் ஏக்கரும் பதினேழு நிபந்தனைகளும்

செங்கோடனுக்கு அறுபத்திரண்டாம் வயதில் ஒரு குரு கிடைத்தார். குருவுக்கு வயது நாற்பத்தைந்து.

கோபி டவுனில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் தையல் கடை வைத்திருந்தார் அவர். பெயர் தெய்வானை. சாயங்காலம் மெஷினை நிறுத்திய பிறகு நாலைந்து பேர் வந்து உட்காருவார்கள். எதையாவது கேட்டால் பதில் சொல்வார். கேட்காவிட்டால் பித்தான் தைத்துக்கொண்டிருப்பார். எல்லோரும் அவரை அம்மா என்றார்கள். அவர் செங்கோடனை அண்ணா என்றார்.

செங்கோடன் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். டவுனிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளி அவருக்கு ஓட்டு வீடு ஒன்று இருந்தது. அதைச் சுற்றி ஒன்றேகால் ஏக்கர், ஒரு கிணறு, இருபது தென்னை, வாசலுக்கு நேராக ஒரு பலா.

மனைவி ராமாத்தாளுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. பஸ் ஏற அரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டும். அவள் போய்ச் சேர்வதற்குள் இரண்டு பஸ் போய்விடும். டவுனில், மகள் வீட்டுக்கு அடுத்த தெருவில், படி ஏறத் தேவையில்லாத வீடு ஒன்று விலைக்கு வந்தது. சித்திரை பிறக்கும்வரை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று அந்த வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். ஆனால் இதை விற்றால்தான் அதை வாங்க முடியும்.

மாசி பிறந்தும் விற்கவில்லை. ஆள் வராமல் இல்லை. முதலில் வந்த அரிசி வியாபாரி, பலாவை எடுத்துவிட்டால் கார் நிறுத்தலாமே என்றார். செங்கோடன் அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டார். அடுத்து கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். சிவப்புத் தரையைப் பெயர்த்து டைல்ஸ் போடப் போவதாகச் சொன்னார்கள். அவர்களுக்குக் காபியும் கிடைக்கவில்லை. மூன்றாவது ஆள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கிணற்றை எந்தக் காலத்திலும் மூடக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுத வேண்டும் என்று செங்கோடன் சொன்னதும் செருப்பைப் போட்டுக்கொண்டார். அதோடு ஆட்களைக் கூட்டி வந்த தரகரும் போன் எடுப்பதை நிறுத்திவிட்டார்.

ராமாத்தாள் முழங்காலுக்குத் தைலம் தேய்க்கும்போது கொஞ்சம் சத்தமாகத் தேய்த்தாள்.

செங்கோடன் குருவிடம் போனார்.

"நல்ல ஆள் கையில கொடுக்கணும்னு பாக்கறேங்கம்மா. நல்ல ஆளை எப்படிக் கண்டுபிடிக்கறது?"

குரு யோசித்தார். "நான் வாங்கிக்கட்டுமா?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் மொபெட்டில் வந்து இறங்கினார். கழுத்தில் அளவு டேப் தொங்கியது. கையில் ஜாக்கெட் அளவு எழுதும் நோட்டு இருந்தது. கூச்சப்படாமல் எல்லாவற்றையும் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்றார்.

செங்கோடனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பலாவை வெட்டக் கூடாது. அதன் முதல் பழம் பக்கத்துத் தோட்டத்துக்குப் போக வேண்டும். தரையை மாதம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைக்க வேண்டும். குளியலறைக் கதவைத் தூக்கிப் பிடித்துத்தான் சாத்த வேண்டும்; அதற்காகக் கதவை மாற்றிவிடக் கூடாது, அது அப்படியே பழகிவிட்டது. கிணற்று மேட்டில் செம்பருத்தி தவிர வேறு செடி வைக்கக் கூடாது. அவர் சொல்லச் சொல்ல குரு எழுதினார். பக்கம் திருப்பியும் எழுதினார். பதினேழு வந்தது.

குரு அவற்றை முதலிலிருந்து வாசித்துக் காட்டினார்.

"எல்லாத்துக்கும் சம்மதம். ஒண்ணே ஒண்ணு விட்டுப் போச்சு. எனக்கு மாசம் என்ன சம்பளம் தருவீங்க?"

உள்ளே சமையல்கட்டில் ராமாத்தாள் சிரித்தது வாசல்வரை கேட்டது.

செங்கோடன் சிரிக்கவில்லை. குரு மோர் வாங்கிக் குடித்தார், நன்றாக இருக்கிறது என்றார், மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அன்று மத்தியானம் சோறு போடும்போது ராமாத்தாள் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"நாம இந்த இடத்தை வாங்கறப்ப இங்க ஒம்பது பனை நின்னுச்சே, ஞாபகம் இருக்குதுங்களா?"

இருந்தது. ஒன்பதையும் வெட்டித்தான் வீட்டுக்கு உத்தரம் போட்டார்கள். விற்ற பெரியவர் மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இடத்தைக் காட்டினார், வெயிலுக்கு முன்னே போகிறேன் என்று துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தார். அவருடைய பெயர் என்ன என்று செங்கோடன் நினைத்துப் பார்த்தார். வரவில்லை. அந்த உத்தரத்தின் கீழே முப்பத்தொரு வருஷம் தூங்கியிருக்கிறார். ஒருநாளும் அவரை நினைத்ததில்லை.

பங்குனியில் யூசுப் என்பவர் மனைவியோடு வந்தார். காளான் வளர்த்து ஓட்டல்களுக்குப் போடுகிறவர். வாடகை ஷெட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம். இங்கே தண்ணீரைப் பார்த்ததும் அவருடைய மனைவிக்கு முகம் மலர்ந்துவிட்டது. யூசுப் மட்டும் பலாவின் கீழே நின்று மேலும் கீழும் பார்த்தார்.

"தப்பா நினைச்சுக்காதீங்கண்ணா. ஷெட்டு போட இந்த இடம்தான் தோதா இருக்கு. மரம் குறுக்க நிக்குது."

செங்கோடன் வாயைத் திறந்தார். ராமாத்தாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வெட்டறதுன்னா," என்றார் செங்கோடன், "கிழக்கால சாயற மாதிரி வெட்டச் சொல்லுங்க தம்பி. மேக்கால பூமிக்கடியில தண்ணி பைப் போகுது."

சொன்ன பிறகு அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. அதன்பின் பேச்சு தானாக வந்தது. கிணற்றில் மூன்றாவது படி ஆடும், பார்த்து இறங்க வேண்டும் என்றார். மழைக்காலத்தில் மோட்டார் அறைக்குப் பின்னால் பாம்பு வரும், டார்ச் இல்லாமல் போகாதீர்கள் என்றார். குளியலறைக் கதவு தரையில் உரசுகிறது, ஒரு நல்ல தச்சராகப் பார்த்து மாற்றிவிடுங்கள் என்று தச்சர் நம்பரையும் எழுதிக் கொடுத்தார். யூசுப்பின் மனைவி ராமாத்தாளிடம், இப்படி ஒளிக்காமல் சொல்லி விற்கிறவரை இப்போதுதான் பார்க்கிறோம் என்றாள்.

சித்திரைக்கு நாலு நாள் முன்னால் பத்திரம் பதிவானது.

டவுன் வீட்டுக்கு வந்த பிறகு ராமாத்தாளைப் பிடிக்க முடியவில்லை. காலையில் மகள் வீடு, சாயங்காலம் கோயில், நடுவில் காய்கறிக் கடைக்காரியோடு பேச்சு. செங்கோடனும் நன்றாகத்தான் இருந்தார். ஆனாலும் ஒரு மாதம் கழித்துக் குருவிடம் போனார். குரு ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார்.

"வித்ததுல வருத்தமில்லீங்கம்மா. ஆனா விடியக்கால முழிப்பு வந்ததும் மனசு பாட்டுக்கு அங்க போயிருது. கிணத்தை எட்டிப் பாக்குது, தென்னைக்கு மடை திருப்பி விடுது. ஒரு சுத்து சுத்தாம வர மாட்டேங்குது. இன்னொருத்தர் இடமாச்சுங்களே. இதை எப்படி நிறுத்தறது?"

குரு நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"எதுக்கு நிறுத்தணும்? தாராளமாச் சுத்திட்டு வாங்கண்ணா. வேலி மட்டும் போட்டுடாதீங்க."