மருதையனுக்கு யார் சோறு போட்டது?

"தாவீதைவிட என் மருதையன் எதுல குறைஞ்சிட்டான்?"

செருப்பைக் கழற்றும் முன்பே அருமைநாயகம் கேட்டுவிட்டார்.

பெர்சியாள் அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வாங்க அண்ணாச்சி. தண்ணி குடிக்கீங்களா?"

"தண்ணி கிடக்கட்டும். பதில் சொல்லுங்கம்மா."

தேரி என்கிற செம்மணல் மேட்டின் ஓரத்தில் இருந்த ஓட்டு வீடு அது. சுற்றுவட்டாரத்தில் ஜெபவீடு என்பார்கள். மனசு சரியில்லாதவர்கள் பஸ் பிடித்து அங்கே வருவார்கள். பெர்சியாள் அம்மா அவர்களுக்குச் சோறு போடுவார். ஒன்றிரண்டு கேள்வி கேட்பார். அவர் பிரசங்கம் செய்து கேட்டதாக யாரும் சொன்னதில்லை.

சீடர் அருமைநாயகத்துக்கு அறுபதை நெருங்கும் வயது. குரு பெர்சியாள் அம்மா அவரைவிட ரொம்பவே இளையவர். ஞானம் என்ன ரேஷன் கடை வரிசையா, முந்தி வந்தவருக்கு முந்திக் கொடுக்க?

அருமைநாயகம் வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதுகிறவர். கல்யாணம் கட்டாத அவர் பெற்ற பிள்ளை என்றால் அது மருதையன்தான். மருதையன் பாய்மரத்தின் உச்சியிலிருந்து கடலில் குதிப்பான். சுறாவின் வாயைப் பிளப்பான். கோட்டையை ஒற்றை ஆளாகப் பிடிப்பான். சட்டை கிழியும், உடம்பில் ஒரு கீறல் விழாது.

"ஞாயித்துக்கிழமை நாகர்கோவில்ல வாலிபர் கூட்டம்," என்றார் அருமைநாயகம். "பைபிள்ல வர்ற தாவீது ராஜாவையும் மருதையனையும் ஒப்பிட்டுப் பேசச் சொல்லிருக்காங்க. நியாயமாப் பேசினா மருதையன்தான் ஜெயிக்கான்."

"எப்படி?"

"தாவீது அடுத்தவன் பொண்டாட்டியை எடுத்தாரு. அவ புருஷனைச் சண்டையில சாக விட்டாரு. எதிரி ஊர்ல உயிருக்குப் பயந்து, தாடியில எச்சில் வடியப் பைத்தியம் மாதிரி நடிச்சாரு. மருதையனுக்குப் பயம்னா என்னன்னு தெரியாது. பிறத்தியார் பொருளைத் தொட மாட்டான். ஒரு நாளும் அழுததில்ல."

"நல்ல பையன்."

"கேலி பண்ணாதீங்கம்மா."

"கேலி இல்ல அண்ணாச்சி. நல்ல பையன்தான். அவனுக்கு யாரு சோறு போடுதா?"

"என்னது?"

"சோறு. இம்புட்டு சண்டை போடுதானே, பசிக்கும்லா."

அருமைநாயகம் யோசித்துப் பார்த்தார்.

இத்தனை வருஷத்தில் மருதையன் ஒரு வாய் சாப்பிட்டதாக அவர் எழுதியதில்லை. சுறாவைக் கொன்றவன் அதில் ஒரு துண்டைச் சுட்டுத் தின்றிருக்கலாம். அதையும் செய்யவில்லை.

"வீரன் கதையில அதெல்லாம் எதுக்கு?" என்றார்.

"சரி. அப்ப தாவீது கதையைச் சொல்லுங்க. ஒரே ஒரு நிபந்தனை. அவருக்கு யாரும் உதவக் கூடாது. யாரு கையும் உள்ள வரக் கூடாது. மருதையன் மாதிரி ஒத்தையில நிக்கட்டும்."

இது ஒரு பெரிய காரியமா என்று நினைத்தார் அருமைநாயகம். சம்மணம் போட்டு உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். கதை சொல்வது அவருக்குக் கைவந்த கலை.

"தாவீது ராட்சசன் கோலியாத்தைக் கொன்னுட்டாரு. ஊரே அவரைப் பாடுது. சவுல் ராஜாவுக்கு வயிறு எரியுது. வீட்டைச் சுத்தி ஆளை நிறுத்திட்டான். விடிஞ்சா கொலை. அப்ப மீகாள்..."

"மீகாள் யாரு?"

"அவரு பொண்டாட்டி. ஜன்னல் வழியா அவரை இறக்கி..."

"கூடாது."

"என்ன கூடாது?"

"அவ கை வந்துட்டுல்லா. எடுத்துருங்க."

"எடுத்தா எப்படிம்மா? ஜன்னல்ல இறக்கிவிட ஆள் வேணுமே."

"எடுங்க."

"எடுத்தா விடியக்காலம் பிடிச்சிருவாங்க."

"பிடிச்சு?"

"கொன்னுருவாங்க."

"அப்ப கதை முடிஞ்சிட்டு," என்றார் பெர்சியாள் அம்மா. அடுத்த கீரைக்கொத்தை எடுத்தார்.

அருமைநாயகம் விடுகிற ஆள் இல்லை. மீகாளை மட்டும் வைத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினார். போகட்டும் என்றார் அம்மா. கதை ஊரைத் தாண்டி ஓடியது. தாவீதுக்குப் பசி. அகிமெலேக் என்ற கோயில் ஆசாரியன் அவருக்கு அப்பம் கொடுத்தான்.

"கூடாது."

அப்பம் போனது. தாவீது பசியில் மயங்கி விழுந்தார்.

அப்பத்தையும் கெஞ்சி வாங்கிக்கொண்டு மேலே போனார். அதற்கு முன்பே அம்பு எய்து எச்சரித்த சவுலின் மகன் யோனத்தானை எடுத்தால், தாவீது சவுலின் கையில் நேராகப் போய் விழுந்தார். திராட்சை வற்றலும் அப்பமுமாகக் கழுதைகளோடு எதிரே வந்து விழுந்து கும்பிட்டாளே அபிகாயில், அவளை எடுத்தால், சாப்பாடு தர மறுத்த அவள் புருஷன் மேலுள்ள ஆத்திரத்தில் தாவீது அந்த வீட்டு ஆண்களையெல்லாம் வெட்டிப் போட்டார்.

அருமைநாயகத்துக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"இவரு என்ன வீரரும்மா? அடி எடுத்து வச்சா ஒரு ஆள் வேண்டியிருக்கு."

"ஆமா," என்றார் பெர்சியாள் அம்மா. "இப்ப உங்க கதையைச் சொல்லுங்க. அதே நிபந்தனை."

"மருதையன் கதைதான் தெரியுமே."

"மருதையன் இல்ல. அருமைநாயகம் கதை."

வெளியே காற்று தேரி மணலை அள்ளி வாசலில் போட்டது. அருமைநாயகம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். போன வருஷம் அவருடைய சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துவிட்டன. தம்பி தவமணி தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தான். லோடு ஆட்டோ ஓட்டிப் பிழைக்கிறவன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அண்ணன் அந்தத் தம்பியின் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. கூப்பிட்டால், எழுத்து வேலை இருக்கிறது என்பார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் தவமணி வீட்டில் ஜெபமும் சாப்பாடும். அண்ணன் கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தான். தவமணியின் மனைவி லில்லிபுஷ்பம் தன் பங்குக்கு ஒன்று சொல்லி அனுப்பியிருந்தாள். இந்தத் தடவையும் வரவில்லையென்றால் இனி எப்போதும் வர வேண்டாம்.

அதைக் கேட்ட அன்றைக்குத்தான் அருமைநாயகம் நாகர்கோவில் கூட்டத்துக்குச் சரி என்று சொன்னார்.

"சொல்லுங்க அண்ணாச்சி."

"எனக்கு ரெண்டு கிட்னியும் போயிட்டு. உடம்பெல்லாம் ஊதிப்போய்க் கிடந்தேன்."

"பிறகு?"

"கர்த்தர் கிருபையால ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிது."

"என்ன ஆபரேஷன்?"

"உங்களுக்குத் தெரியாதாம்மா?"

"தெரியும். நீங்க சொல்லி நான் கேட்டதில்ல."

அருமைநாயகத்துக்குக் கோபம் வந்தது.

"நான் என்ன நன்றி கெட்டவனா? கோயில்ல ஸ்தோத்திரக் காணிக்கை குடுத்தேன்லா."

வியாதி சுகமானாலும் வேலை கிடைத்தாலும் சபையில் ஸ்தோத்திரக் காணிக்கை கொடுப்பது அந்தப் பக்கத்து வழக்கம். இன்னார் இன்ன நன்மைக்காகக் கொடுக்கிறார் என்று பாஸ்டர் எல்லார் முன்னாலும் அறிவிப்பார். எப்படி அறிவிக்க வேண்டும் என்பதைக் கொடுக்கிறவர்தான் முன்கூட்டிச் சொல்ல வேண்டும்.

"என்னன்னு அறிவிச்சாரு?"

"கர்த்தர் கொடுத்த பூரண சுகத்துக்காக அருமைநாயகம்னு."

"தம்பி பேரு?"

"மகிமை கர்த்தருக்குத்தானம்மா போகணும். மனுஷனுக்கா?"

பக்தி என்று வந்துவிட்டால் யாரும் எதிர்த்துப் பேச முடியாது. பெர்சியாள் அம்மா கொஞ்சம் கீரை உருவினார்.

"தவமணி அன்னைக்கு வந்திருந்தானா?"

"எனக்கு முந்தின பெஞ்சுல இருந்தான்."

"ம்."

"பாஸ்டர் சொல்லி முடிச்சதும் சபை ஆமென் சொல்லிச்சு. அவனும் சொன்னான். அவன் சத்தம்தான் நல்லாக் கேட்டுது."

கதைக்காரர் அல்லவா, சட்டென்று ஒரு வழி கண்டுபிடித்தார்.

"தாவீதும் அதைத்தானம்மா செஞ்சாரு. குகையில இருக்கும்போது பெத்லெகேம் கிணத்துத் தண்ணி வேணும்னு ஆசைப்பட்டாரு. மூணு பேரு எதிரி பெலிஸ்தர் பாளையத்துக்குள்ள பாஞ்சு போயி மொண்டுட்டு வந்தாங்க. அவரு அதைக் குடிச்சாரா? அவங்க பார்த்துக்கிட்டு நிக்கும்போதே கர்த்தருக்குன்னு தரையில ஊத்திட்டாரு. நானும் கர்த்தருக்குன்னுதான் குடுத்தேன்."

பெர்சியாள் அம்மா கீரையைக் கீழே வைத்தார். அன்றைக்கு முதல் தடவையாக அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"ஊத்தும்போது என்ன சொன்னாரு?"

அருமைநாயகத்துக்குத் தெரியும். சின்ன வயசிலிருந்து கேட்ட கதை.

"இது தண்ணி இல்ல, உயிரைத் துச்சமா நினைச்சுப் போனவங்க ரத்தம்னு சொன்னாரு."

"யாருகிட்ட சொன்னாரு?"

"கர்த்தர்கிட்ட."

"கர்த்தருக்கு அது தெரியாதா?"

அந்த மூன்று பேர் காதிலும் விழத்தான் தாவீது சொன்னார் என்பது அருமைநாயகத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

"அவராவது ஊத்திட்டாரு," என்றார் அம்மா. "நீங்க குடிச்சாச்சு அண்ணாச்சி."

அருமைநாயகத்தின் கை தானாகப் போய் வலது அடிவயிற்றைத் தொட்டது. உள்ளே தம்பியின் உறுப்பு தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது.

ஆபரேஷன் அன்று காலை இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்துத் தள்ளுவண்டியில் படுக்க வைத்திருந்தார்கள். அருமைநாயகம் நடுங்கிக்கொண்டிருந்தார். தவமணி தலையைத் திருப்பிச் சொன்னான், "பயப்படாதண்ணே. ஒரிஜினல் சாமான். உன் வண்டியும் என் வண்டியும் ஒரே கம்பெனிலா." நர்ஸ் சிரித்துவிட்டாள். அருமைநாயகத்துக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

இதை அவர் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. மருதையனுக்கு இப்படி ஒரு தம்பியையும் அவர் எழுதியதில்லை.

அவர் அழுதார். இத்தனை மாதமாக நெஞ்சில் கிடந்ததைக் கடன் என்றும் அவமானம் என்றும் நினைத்துக்கொண்டிருந்தார். இப்போது பார்த்தால் அது முழுக்க நன்றியாகத்தான் இருந்தது. இவ்வளவு பெரிய நன்றி ஒரு மனுஷனுக்குள் இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. தம்பி மேல் அப்படி ஒரு பாசம் பொங்கியது. உயிரோடு இருப்பது அவ்வளவு நன்றாக இருந்தது.

பெர்சியாள் அம்மா ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவர் முழுவதையும் குடித்தார்.

"நாகர்கோவில்காரங்க வேற ஆளைப் பார்த்துக்கிடட்டும்," என்று சொல்லிவிட்டு அலைபேசியை எடுத்தார்.

"ஏல தவமணி."

"சொல்லுண்ணே. மாத்திரை போட்டியா?"

"போட்டேன். ஏல, நீ குடுக்கலேன்னா நான் செத்திருப்பேன்."

"இதை எதுக்குண்ணே எங்கிட்ட சொல்லுத? எனக்குத்தான் தெரியுமே," என்றான் தவமணி. "லில்லிகிட்ட சொல்லு."

வேண்டாம் என்று சொல்லும் முன் போன் கை மாறிவிட்டது.

"சொல்லுங்க அத்தான்." குரல் காய்ந்த சுள்ளி மாதிரி இருந்தது.

கோட்டை வாசலில் நின்று மருதையன் பேசுவதற்குப் பக்கம் பக்கமாக வசனம் எழுதிய மனிதர். ஒரு வசனமும் வரவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார்.

"லில்லி, உன் மாப்பிள்ளை குடுத்ததுலதான் நான் நடமாடுதேன். ஆபரேஷனுக்கு எங்களை உள்ள தள்ளிட்டுப் போகும்போது நீ வராந்தாவுல சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னே. நான் பார்த்தேன். உன் ஆளை நான் கூட்டிட்டுப் போறேன்னு தெரியும். உங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கணும். அன்னைக்கும் சொல்லல, பிறகும் சொல்லல."

லில்லிபுஷ்பம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"எனக்குக் கேட்டுட்டு அத்தான். சபைக்குக் கேக்கலையே."

"ஞாயித்துக்கிழமை கேக்கும். நானே எந்திச்சு நின்னு சொல்லுதேன்."

வைத்துவிட்டாளோ என்று அருமைநாயகம் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். வைக்கவில்லை.

"அத்தான்."

"சொல்லும்மா."

"ஞாயித்துக்கிழமைக் குழம்புல உங்களுக்கு எம்புட்டு உப்பு போடலாம்னு டாக்டர் சொல்லிருக்காரு?"