ஆறிக் கிடந்த எஞ்சின்

கோவப்பட எனக்கு நியாயம் இருந்துது. அத முதல்லயே சொல்லிப்போடுதேன்.

வறுவேல் முதலாளிக்க விசைப்படகுல இருபத்திரண்டு வருசமா நான்தான் டிரைவர். பேரு ததேயு. எட்டு மாசமா அந்த டீசல் எஞ்சின் காலையில லேசுல பிடிக்காது. ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்துட்டு, சாவி போட்டா இழுக்கும், இருமும், வெள்ளப் புகை விடும். மத்த படகெல்லாம் அஞ்சு மணிக்குத் துறைமுகத்து வாசலத் தாண்டிரும். நாங்க கிளம்ப ஆறாகும்.

திங்கக்கிழமை காலையில முதலாளி படகு பாக்க வருவாரு. அன்னைக்கு மட்டும் நான் நாலு மணிக்கே போயி, எஞ்சின் காத்து இழுக்குத குழாய் வாயில எரியுத துணியப் பிடிச்சு, எப்படியாவது எஞ்சின ஓட்டிச் சூடாக்கி வச்சிருவேன். அவரு முன்னால அது இருமப்படாதுல்லா? டிரைவருக்கு ஒரு மானம் இருக்குல்லா?

அவரு சாவியத் திருப்புவாரு. உடனே பிடிக்கும்.

"எஞ்சினுக்கு என்னடே கேடு? தெனமும் என் படகுதான் கடைசின்னு ஊரே சிரிக்கி. ஒனக்குத்தான் ஒறக்கம் தெளியல. சனிக்கிழமையோட வேற ஆளப் பாக்கப் போறேன்."

போன திங்கக்கிழமை நாலு பேரு முன்னால இப்படிச் சொன்னாரு.

மெற்றில்டா துறைமுகத்து மெக்கானிக். என்ன விடப் பதினஞ்சு வயசு இளையவ. அவ கிட்டதான் ஒரு வருசமா நான் எஞ்சின் வேல படிக்கேன். அதனால ஆசான்னுதான் கூப்பிடுவேன்.

அதுவர நானே சரியாக்கிருவேன்னு இருந்தவன், இப்பதான் அவளக் கூப்பிட்டேன். செவ்வாக்கிழமை வந்தா. ஆசானக் காக்க வைக்கப்படாதேன்னு எஞ்சினச் சூடாக்கி வச்சிருந்தேன். எஞ்சின் மேல கைய வச்சுச் சூடு பாத்தா. "நாளைக்கு வாறேன்"னுட்டுப் போயிட்டா. புதன் கிழமையும் அதே கததான். வியாழனும் அதே.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துது.

"இது என்ன நீதி ஆசான்? பேட்டரி மாத்தினேன், பில்டர் மாத்தினேன். நாளன்னைக்கு எனக்க பொழப்பு போகப் போவுது. நீங்க தொட்டுப் பாத்துட்டுத் தொட்டுப் பாத்துட்டுப் போறீங்க!"

"நாளைக்கு நான் வாற வர சாவியத் தொடாதீங்க அண்ணே. துணியும் பிடிக்காதீங்க. முதலாளியையும் வரச் சொல்லுங்க."

"அவரு முன்னால இருமினா எனக்க மானம் கப்பலேறிரும்!"

"ஏறட்டும்."

வெள்ளிக்கிழமை அஞ்சு மணி. ஆசான் சாவிய முதலாளி கையிலயே குடுத்தா. அவரு திருப்பினாரு. இழுத்துது, இருமிச்சு, நின்னுது. மறுபடியும் திருப்பினாரு. மறுபடியும் நின்னுது. பக்கத்துப் படகெல்லாம் ஒவ்வொண்ணா கிளம்பிப் போச்சு. எனக்கு மொகத்த எங்க வைக்கதுன்னு தெரியல.

ஆசான் டீசல் பில்டர் மேல உள்ள ஸ்குருவ லேசாத் தளத்தினா. டீசல் வரல. காத்துதான் நுரைச்சுக்கிட்டு வந்துது. டீசல் குழாய் பூட்டுத எடத்துல ஒரு செம்பு வாஷர் தேஞ்சு கிடந்துது. ராத்திரி அது வழியா காத்து ஏறி, டீசல் திரும்பவும் டேங்குக்கே எறங்கிப் போயிருக்கு. சூட்டோட நிக்குத எஞ்சின்ல இது தெரியவே தெரியாது. புது வாஷர் போட்டு, கைப்பம்ப அடிச்சு, காத்த வெளிய தள்ளினா. முதலாளி சாவியத் திருப்பினாரு. ஒரே பிடி.

"இதுதானா எட்டு மாசமா?"ன்னாரு. "சரிடே. வேற ஆளு ஒண்ணும் வேண்டாம். நீயே போ."

அம்புட்டுதான். போயிட்டாரு.

அவரு தல மறஞ்சதும் நான் கத்தினேன். "பாத்தீங்களா ஆசான்! ஊரு முன்னால என்னச் சோம்பேறின்னாரே, ஒரு வார்த்த வருத்தம் சொன்னாரா? இருபத்திரண்டு வருசம் கூடக் கிடந்தவன நம்பாத மனுசன்! எட்டு மாசமா நான் படுத பாடு தெரியலயே, கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?"

ஆசான் ஒரு துணியில கையத் தொடச்சுக்கிட்டு நின்னா. அது நான் கொளுத்திப் பிடிக்குத துணி. பாதி கருகியிருந்துது.

"அவரு கண்ணு நல்லாத்தான் இருக்கு அண்ணே. திங்கக்கிழமை தோறும் நீங்க எதக் காட்டினீங்களோ, அதத்தான் பாத்தாரு."