அசையாத மாப்பிள்ளையும் அலறும் பெல்ட்டும்

கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் பம்ப் உதிரிகள் வார்க்கும் பவுண்டரி ஒன்று இருக்கிறது. அங்கே மணலில் அச்சு எடுக்கும் பிரிவில் திருமூர்த்தி, செங்கோடன், ராக்கியப்பன் என்று மூன்று பேர். சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். சொல்லாததைத் தலைகீழாக நின்றாலும் செய்ய மாட்டார்கள். உருக்கிய இரும்பு வரும்போது தள்ளி நிற்கவேண்டும் என்று ஒருநாள் மேலாளர் சொன்னார். எவ்வளவு தூரம் என்று சொல்லாமல் போய்விட்டார். மூவரும் மெயின் ரோட்டுப் பஸ் நிறுத்தத்தில் போய் நின்றுகொண்டார்கள். இரும்பு ஆறிய பிறகுதான் ஆள் விட்டுத் தேடிக் கூட்டி வந்தார்கள்.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் புருஷோத்தமன் என்ற எஞ்சினியர் தன் பெல்ட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அது சாமானியப் பெல்ட் இல்லை. இடுப்பில் கட்டிக்கொண்டு வேலை செய்கிறவன் மயங்கி விழுந்து இருபது விநாடி அசையாமல் கிடந்தால், பெல்ட்டில் இருக்கும் பெட்டி மில் சங்கு போல ஊதி ஊரைக் கூட்டிவிடும். அதற்குக் காப்புரிமை வாங்கி, அந்தச் சான்றிதழையும் லேமினேட் செய்து கையிலேயே வைத்திருந்தார். முப்பது நாள் ஒரு தொழிலாளி கட்டிப் பார்த்தால் போதும், பெரிய கம்பெனிகள் வாங்கிக்கொள்ளும் என்று அவருக்கு நம்பிக்கை.

"காப்புரிமைன்னா என்னங்க சார்?" என்று கேட்டான் ராக்கியப்பன்.

"என் அனுமதி இல்லாம இந்த மாதிரி பெல்ட்டை யாரும் பயன்படுத்தக் கூடாதுன்னு அர்த்தம்."

ராக்கியப்பன் அந்த இடத்திலேயே தன் தோல் பெல்ட்டை உருவிச் சுருட்டிப் பையில் போட்டான். அன்றிலிருந்து ஒரு கை வேலைக்கு, ஒரு கை பேண்ட்டுக்கு என்று ஆகிவிட்டது.

பெல்ட் திருமூர்த்தியின் இடுப்புக்குத்தான் கச்சிதமாகப் பொருந்தியது. மற்ற இருவரிடமும் ஒரு தாளைக் கொடுத்து, "நீங்க ரெண்டு பேரும் பக்கத்துல இருக்கிறவங்க. இதுல போட்டிருக்கிறபடி செய்யுங்க" என்று சொல்லிவிட்டு எஞ்சினியர் ஊருக்குப் போய்விட்டார்.

தாளில் இப்படிப் போட்டிருந்தது. முப்பது நாளும் எக்காரணம் கொண்டும் பெல்ட்டைக் கழற்றக் கூடாது. சங்கு ஊதியதும் அணிந்தவரைத் தரையில் மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும். கூட்டத்தை வெளியேற்றிவிட்டு ஒருவர் மட்டும் அருகில் இருக்க வேண்டும். வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது. பெயர், வயது, ஊர் கேட்க வேண்டும். சரியான பதில் வரும்வரை விடாமல் கேட்க வேண்டும்.

பக்கத்தில் இருக்கிறவர்கள் என்று சொல்லிவிட்டாரே, அவ்வளவுதான். இருவரும் திருமூர்த்தியின் வாடகை வீட்டுக்கே பாய் தலையணையோடு குடிவந்தார்கள். அவன் தூங்கி அசையாமல் கிடந்தால் சங்கு ஊதுமே என்று உத்தரத்தில் சேலை கட்டி, தொட்டிலில் போட்டு மாறி மாறி ஆட்டினார்கள். முப்பத்துநாலு வயதில் தொட்டிலில் தூங்குகிற சுகம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? திருமூர்த்திக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

குறை வேறு இடத்தில் இருந்தது. அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஏழு வீட்டில் பெண் பார்த்து, ஏழு வீட்டிலும் சொல்லி அனுப்புகிறோம் என்று சொல்லி, யாருமே சொல்லி அனுப்பவில்லை. எட்டாவதாக அன்னூரில் ஒரு பெண். பெயர் கோகிலவாணி. இதுவும் தவறினால் இனி இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று தரகர் கறாராகச் சொல்லிவிட்டார். போகிற போக்கில், "வயசு கேட்டா இருபத்தொம்பதுன்னு சொல்லு" என்றும் சொல்லிவைத்தார். பெண் பார்க்கும் நாள் பெல்ட் கட்டிய பதினேழாவது நாளில் வந்து விழுந்தது.

"அன்னைக்கு ஒரு மணி நேரம் கழட்டி வெச்சரலாமா?" என்று திருமூர்த்தி தயங்கித் தயங்கிக் கேட்டான். வாழ்க்கையிலேயே அவன் சொந்தமாக யோசித்தது அது ஒன்றுதான்.

செங்கோடன் தாளை எடுத்து இரண்டு முறை படித்தான். "எக்காரணம் கொண்டும்னு போட்டிருக்குது. பொண்ணு பாக்கறது ஒரு காரணமா, இல்லையா?"

"காரணந்தாண்ணா."

"அப்ப அதுவும் இதுல அடங்கிருச்சு."

"கல்யாணம் ஆகாமப் போயிருமேண்ணா?"

"அதுவும் காரணந்தான்" என்றான் செங்கோடன் வருத்தத்தோடு. "எஞ்சினியரு எல்லாத்தையும் யோசிச்சுத்தான் எழுதியிருக்காரு."

ஆகவே பட்டுவேட்டிக்கு மேல் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு திருமூர்த்தி புறப்பட்டான். பக்கத்தில் இருக்கிறவர்களும் பக்கத்திலேயே போனார்கள்.

பெண்ணின் அப்பா அர்த்தநாரி உர வியாபாரி. கூடத்தில் சொந்தக்காரர்கள் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். திருமூர்த்தி ஜமக்காளத்தில் உட்கார்ந்து, சங்கு ஊதிவிடக் கூடாதே என்று முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருந்தான். மாப்பிள்ளைக்குச் சங்கீத ஞானம் அதிகம் போலிருக்கிறது என்று ஒரு பெரியவர் மெச்சிக்கொண்டார். தரகருக்கு மட்டும் வியர்த்தது.

அப்போது காபித் தட்டோடு கோகிலவாணி வந்தாள்.

திருமூர்த்தி அவளைப் பார்த்தான். மாநிறம், சற்றே தெற்றுப்பல், புருவத்தின் மேல் ஒரு சின்னத் தழும்பு. தட்டில் டம்ளர் ஒன்று சரியப்போக, அதைக் கட்டை விரலால் தடுத்துவிட்டுத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவனுக்கு ஆட மறந்துபோயிற்று. உள்ளே ஏதோ இனித்தது. இவளே வேண்டும் என்று தோன்றியது. அப்படியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

இருபது விநாடி முடிந்தது. சங்கு ஊதியது.

செங்கோடன் ஒரே பாய்ச்சலில் வந்து மாப்பிள்ளையைத் தரையில் மல்லாக்கச் சாய்த்தான். ராக்கியப்பன் ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கோகிலவாணியின் தட்டைப் பறித்து, "வாயில எதும் குடுக்கக் கூடாதுங்க" என்று சன்னலில் வைத்தான். பிறகு இருவருமாகக் கூட்டத்தை வெளியேற்றினார்கள். தட்டைத் தேடிச் சன்னலோரம் ஒதுங்கிய கோகிலவாணியை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. அர்த்தநாரி தன் வீட்டிலிருந்தே துரத்தப்பட்டுத் தெருவில் போய் நின்றார்.

"பேரென்ன?" என்று குனிந்து கேட்டான் செங்கோடன்.

"திருமூர்த்தி."

"வயசு?"

தரகர் சொன்னது திருமூர்த்திக்கு நினைவிருந்தது. "இருபத்தொம்பது."

செங்கோடனுக்கு முகம் வெளிறிவிட்டது. "அஞ்சு வருசம் மறந்துருச்சு ராக்கியப்பா. மூளையில அடிதான். வயசு என்னடா?"

"இருபத்தொம்பது."

"நல்லா யோசிடா சாமி. உனக்கும் எனக்கும் ஒரே வருசந்தானேடா காது குத்துனாங்க?"

ஏழாவது தடவை கேட்டபோது திருமூர்த்தி தாங்க முடியாமல், "முப்பத்துநாலு" என்று கத்திவிட்டான். தெருவில் நின்ற இருபது பேருக்கும் தெளிவாகக் கேட்டது. தரகர் செருப்பைத் தேடக்கூட நிற்காமல் நடையைக் கட்டினார்.

"ஆளு தெளிஞ்சுட்டான்" என்று செங்கோடன் நிம்மதியாக மூச்சுவிட்டான். பிறகு தாளைப் பார்த்தான். "ஒருத்தர் மட்டுந்தான் இருக்கோணுமாம். நாம ரெண்டு பேரு இருக்கறமே?"

"நீங்க இருங்கண்ணா."

"நீ இருடா. நான் முன்னவே நெறைய நேரம் இருந்துட்டேன்."

ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து, கடைசியில் இருவருமே வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். உள்ளே மிஞ்சியது கோகிலவாணி ஒருத்திதான்.

அவள் கீழே கிடந்த தாளை எடுத்து முழுக்கப் படித்தாள். பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எங்கியாச்சும் வலிக்குதுங்களா?"

"இல்லீங்க."

"அப்புறம் எதுக்குப் படுத்திருக்கீங்க?"

"எந்திரிக்கச் சொல்லித் தாள்ல போடலீங்க."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "சரி, எதுக்கு அசையாம இருந்தீங்க?"

"உங்களைப் பாத்துட்டிருந்தனுங்க" என்றான் திருமூர்த்தி கூரையைப் பார்த்துக்கொண்டு.

கோகிலவாணி தாளை மடித்து அவன் தலைமாட்டில் வைத்தாள். எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். அர்த்தநாரி கொதித்துப்போய் நின்றார்.

"வயசுல பொய், கூட ரெண்டு கிறுக்கனுக. முதல்ல இவனுகளை அனுப்பு கண்ணு."

"அப்பா, இதுவரைக்கும் ஒம்பது பேரு வந்து பாத்தாங்க. எல்லாரும் பலகாரத்தைப் பாத்தாங்க, வீட்டைப் பாத்தாங்க. ஒருத்தராச்சும் என்னை இருபது விநாடி பாத்தாங்களா? இவரு பாத்தாரு. அதுக்குச் சங்கே சாட்சி. நான் இவரைத்தான் கட்டிக்குவேன்."

ஊரே கேட்ட சாட்சியை அர்த்தநாரியால் மறுக்க முடியவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் கல்யாணம். முப்பது நாள் எப்போதோ முடிந்திருந்தது. ஆனால் முப்பத்தோராவது நாள் கழற்ற வேண்டும் என்று தாளில் எங்கேயும் போடவில்லை. மணவறைக்குக் கோகிலவாணி வந்தபோது திருமூர்த்தி இந்தத் தடவை எச்சரிக்கையாக எண்ணிக்கொண்டேதான் பார்த்தான். பதினெட்டு வரை எண்ணினான். அதற்கு மேல் என்ன எண் என்று மறந்துபோயிற்று.

சங்கு ஊதியது. மாப்பிள்ளையைப் படுக்கவைத்தார்கள். போன தடவையே பழகியிருந்த அர்த்தநாரி, தானே முன்னின்று கூட்டத்தை வெளியேற்றினார். ஐயர், மேளக்காரர்கள், போட்டோக்காரர், எண்ணூறு விருந்தினர் எல்லோரும் ரோட்டுக்குப் போனார்கள். வழக்கம்போல ஒருத்தி மட்டும் உள்ளே இருந்தாள். முகூர்த்த நேரமோ போய்க்கொண்டிருந்தது.

"படுத்துட்டே தாலி கட்டலாமாண்ணா?" என்று மண்டபத்துச் சன்னல் வழியாகக் கேட்டான் ராக்கியப்பன்.

செங்கோடன் தாளை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். "வாயில குடுக்கக் கூடாதுன்னுதான் போட்டிருக்குது. கழுத்துல கட்டறதைப் பத்தி ஒண்ணுமே சொல்லல. கட்டச் சொல்லு."

கோகிலவாணி மண்டியிட்டுக் குனிந்தாள். திருமூர்த்தி படுத்தபடியே தாலி கட்டினான். அவள் எழுந்து சன்னலுக்குப் போய், "கெட்டிமேளம்" என்று தானே குரல் கொடுத்தாள். ரோட்டில் மேளம் முழங்கியது. எண்ணூறு பேரும் சுற்றுச்சுவருக்கு மேலே தூவிய அட்சதையில் பாதி சத்தியமங்கலம் பஸ்ஸில் விழுந்தது.

அன்றைக்கு எடுத்த போட்டோ இன்றும் அவர்கள் வீட்டுக் கூடத்தில் பெரிய சட்டத்தில் தொங்குகிறது. சாத்திய மண்டபக் கதவும் அதற்கு வெளியே கொஞ்சம் அரிசியும் அதில் இருக்கின்றன. வருகிறவர்கள் ஒன்றும் புரியாமல் விழித்தால், திருமூர்த்தி பெருமையோடு எழுந்து வந்து கதவின் இடது பக்கத்தில் விரலை வைப்பான்.

"இதுக்குப் பின்னாடி படுத்திருக்கிறது நானுங்க. கண்ணை மூடாம போட்டோவுல நல்லா விழுந்திருக்கேன் பாருங்க."