நாலில் நின்ற முள்

பாளையங்கோட்டையில் செயற்கைப் பல் செய்யும் லேப் ஒன்றில் முப்பத்து நாலு வயது குருவும் ஐம்பத்தொரு வயதுச் சீடனும் இருந்தார்கள். குரு சபூரா. சீடன் தவசிக்கனி, இருபது வருஷம் கிரானைட்டுக்குப் பாலீஷ் போட்டு, நெஞ்சில் தூசி ஏறி, டாக்டர் விரட்டிவிட்டதால் இந்த வேலைக்கு வந்தவர். பளபளத்தால் வேலை முடிந்தது என்று பழகிய மனுஷன். பாவம், அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

அன்று பகல் பதினோரு மணிக்கு அவர் கையில் ஓர் உறை இருந்தது.

பணகுடிக்காரி ஜெசிந்தாவின் முன்பல் உறை அது. கண்ணாடிப் பீங்கான். நாலு மணிக்குப் பல் டாக்டர் அதை ஒட்டியாக வேண்டும். விடிந்தால் அவள் குவைத்துக்கு நர்ஸ் வேலைக்குப் பறக்கிறாள்; திரும்ப இரண்டு வருஷம் ஆகும். புதிதாக ஒன்று செய்ய முழுசாக ஒரு நாள் வேண்டும்.

சிமென்ட் பிடிப்பதற்காக உறையின் உள்பக்கத்தில் மெஷினால் மணல் அடித்துச் சொரசொரப்பாக்குவார்கள். தவசிக்கனியும் அடித்தார். உறையைப் பெட்டியில் வைத்து மூடிய பிறகுதான் மெஷினில் காற்றழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்தார். காலையில் சிர்கோனியா என்ற கெட்டிப் பீங்கானுக்கு வைத்த நாலிலேயே நின்றது. கண்ணாடிப் பீங்கானுக்கு ஒன்றுக்கு மேல் போகவே கூடாது.

மறுபடி திறந்து பார்த்தார். வெளியே முத்தாக மின்னியது. உள்ளே வழக்கமான வெள்ளைப் பூச்சுதான் தெரிந்தது. கீறல் ஒன்றும் கண்ணில் படவில்லை. அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது.

"டீச்சர்," என்றார். "உள்பக்கம் மணல் கொஞ்சம் கூடிப்போச்சுன்னா, பல்லு பலம் கொறையுமா?"

சபூரா நிமிரவில்லை. மேஜை இழுப்பறையிலிருந்து நகக்கனத்தில் இரண்டு பீங்கான் வில்லைகளை எடுத்தாள். இரண்டிலும் ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் மங்கல்.

"மங்கல் பக்கத்துல மணல் அடிங்க அண்ணாச்சி. ஒண்ணை ஒண்ணுல வச்சு. இன்னொண்ணை நாலுல வச்சு."

நாலு என்று அவர் வாயே திறக்கவில்லையே! இரண்டையும் அடித்துக் கொண்டுவந்தார்.

இரண்டு பென்சில்களைக் கொஞ்சம் இடைவெளி விட்டு வைத்து, ஒன்றில் அடித்த வில்லையை மேலே கிடத்தினாள்.

"மணல் பட்ட பக்கம் கீழே. கட்டைவிரலால அமுக்குங்க."

அமுக்கினார். தாங்கியது.

"இப்போ நாலுல அடிச்சதை வைங்க. மணல் பட்ட பக்கம் மேலே."

அமுக்கினார். அதுவும் தாங்கியது. தவசிக்கனிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "பாத்தீங்களா டீச்சர், ஒண்ணும் ஆகலையே!"

"திருப்பிப் போடுங்க."

திருப்பினார். இப்போது பளபளப்பு மேலே, மணல் பட்டது கீழே. பார்க்க இதுதான் அழகு. விரலை வைத்தார். பாதி பலம்கூடக் கொடுக்கவில்லை, 'டக்' என்று இரண்டு துண்டானது.

"அதே வில்லை, அதே விரலு," என்றார்.

"அமுக்கும்போது விரியறது அடிப்பக்கம். விரிசல் அங்க இருந்துதான் கிளம்பும். வாயில இருக்கிற உறைக்கு அடிப்பக்கம் எது அண்ணாச்சி?"

"உள்பக்கம்."

ஜெசிந்தா எங்கோ ஒரு வார்டில் நின்றபடி ரொட்டியைக் கடிப்பதும், சட்டென்று கை வாய்க்குப் போவதும் அவர் கண்ணுக்குள் ஓடியது.

"வெளியே இன்னொரு கோட்டு பாலீஷ் ஏத்தினா?"

"மின்னும்."

"நாலுலதான் அடிச்சிட்டேன் டீச்சர்," என்றார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. "இப்போ டாக்டர்கிட்ட சொன்னா அந்தப் பிள்ளை தற்காலிகப் பல்லோடதான் பிளேன் ஏறணும். பாவம், ஆசையா இருந்தா. அதோட... எல்லாம் உடையும்னு இல்லையே? இது உடையாமலும் இருக்கலாம்லா?"

"இருக்கலாம்."

அந்த ஒரு வார்த்தையை அவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "அப்போ அனுப்பிருவோமா?"

சபூரா பெட்டியை அவர் பக்கம் தள்ளினாள். அதன்மேல் ஒரு துண்டுச் சீட்டும் பேனாவும் வைத்தாள்.

"அனுப்புங்க. 'உடையாமலும் இருக்கலாம்'னு உங்க கையால எழுதி உள்ள வைங்க. ஒட்டறதுக்கு முந்தி அந்தப் பிள்ளை படிச்சிக்கிடட்டும்."