சாவி கீறிய தரை

பனியன் கம்பெனியின் புதுக் கூடத்துத் தரையைத் தேய்த்து மினுக்க எந்த மெஷினை வாடகைக்கு எடுப்பது என்று பேச்சு. தரை போட்ட கான்ட்ராக்டர் அம்பலவாணன் கனைத்தார். பழைய லாரி கிளம்புகிற சத்தம்.

"நான் போட்ட தரைங்க முதலாளி, இரும்ம்ம்பு. இருக்கறதுலயே பெரிய மெஷின் வந்தாத்தான் தேயும்."

"சின்னதே போதுமுங்க" என்றாள் சித்தாள் மாராத்தாள்.

கூடமே சிரித்தது. அம்பலவாணன் அவளைப் போலவே மூக்கால் பேசிக் காட்டினார். "சின்னதே போதுமுங்களா? இப்பவே நிரூபி. இல்லேன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே."

மெஷினே இல்லாமல் எப்படி நிரூபிப்பது? மாராத்தாள் பணிவாகக் கைகட்டினாள்.

"நான் கீறினா வேணும்னே கீறினேன்னுவீங்க. உங்க கையாலயே பைக் சாவியில ஒரு கோடு போடுங்க. இரும்புன்னா சாவிதானே தேயும்?"

முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் அம்பலவாணன் குனிந்து, குழந்தையின் கன்னத்தைத் தடவுவதுபோல் மெல்ல இழுத்தார். நகம் புதையும் அளவுக்குப் பள்ளம் விழுந்தது. அதைக் காலால் மூடப் பார்த்தார். மூட மூட அகன்றது. காது மடல் சிவந்து, நிமிராமலே நின்றார்.

"உனக்கெப்படியம்மா தெரியும்?" என்றார் முதலாளி.

மாராத்தாளும் தலைகுனிந்தாள். "கலவை போட்டது நான்தானுங்க. ஒரு சட்டி சிமெண்டுக்குப் பத்துச் சட்டி மணல்னாரு. வெக்கமாத்தான் இருந்துச்சு. போட்டேன்."

சிரித்தவர்கள் எல்லாரும் அந்தக் கலவையைச் சுமந்தவர்கள். ஒருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"நாளைக்கு நேரத்துல வந்துரு" என்றார் முதலாளி. "இவரு தரையைப் பேத்துட்டு மறுபடி போடுவாரு. கலவை அளவு நீ சொல்லு."