ஊதாப் பூ அடைத்த ஓடை

பெரிய ஆறு ஒன்றின் கரைக் காட்டில் அகலமான ஒரு பள்ளம் இருந்தது. ஆற்றையும் பள்ளத்தையும் ஒரு குறுகிய ஓடை இணைத்தது. கோடையில் பள்ளத்தின் நடுவில் ஒரு குளம் அளவுக்குத்தான் தண்ணீர் நிற்கும். ஐப்பசியில் ஆறு பெருகினால், வெள்ளம் ஓடை வழியே புகுந்து பள்ளத்தையும் சுற்றியுள்ள காட்டையும் நிரப்பிவிடும்.

அந்தக் குளத்தில் தத்தன் என்ற இலைக்கோழி வாழ்ந்தது. அதன் கால்விரல்கள் குச்சி குச்சியாக நீண்டிருக்கும். அல்லி இலை மேல் அது நடந்தால் இலை அமிழாது. தூரத்தில் இருந்து பார்த்தால் தண்ணீர் மேலேயே நடப்பது போலத் தெரியும்.

இலைக்கோழிகளில் தாய் முட்டையிட்டுவிட்டுப் பறந்துவிடும். அடைகாப்பது, குஞ்சு பொரிப்பது, நடை பழக்குவது எல்லாம் அப்பாவின் பாடு. தத்தன் அந்த வருஷம் நான்கு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் விடியற்காலையில் வெள்ளம் வந்தது. அல்லி இலைகள் புரண்டன. கூடு கலைந்தது. நான்கு முட்டைகளும் அதன் கண் முன்னாலேயே உருண்டு போயின.

தத்தன் மூன்று நாள் இரை எடுக்கவில்லை. நான்காம் நாள் ஒரு நாணல் தட்டையில் ஏறி நின்று கத்தியது. "இனி ஒரு வெள்ளமும் என் குஞ்சுகளைத் தொடக் கூடாது! தொட விடமாட்டேன்!"

சொல்லிவிட்டது. ஆனால் எப்படித் தடுப்பது என்று அதற்குத் தெரியவில்லை.

பங்குனியில் ஒரு கோடை மழை பெய்தது. ஆற்றில் சிறிது தண்ணீர் வந்தது. அந்தத் தண்ணீரோடு ஒரு செடி மிதந்து வந்து ஓடை முகத்தில் ஒதுங்கியது. தத்தன் அதைப் பார்த்து மூச்சுவிட மறந்தது. எண்ணெய் தடவியது போலப் பளபளக்கும் இலைகள்! பந்து போல உப்பிய காம்புகள்! உச்சியில் கொத்தாக ஊதாப் பூக்கள்! மேலிதழ் ஒவ்வொன்றிலும் மயில்தோகையில் இருப்பது போல ஒரு மஞ்சள் கண்!

தத்தன் செடி மேல் ஏறியது. அமிழவில்லை. குதித்துப் பார்த்தது. அப்போதும் அமிழவில்லை.

"அடேயப்பா! இதன் மேல் கூடு கட்டினால் எந்த வெள்ளம் வந்தாலும் கவலையில்லை!"

அப்போது துழாவி என்ற நீர்நாய் ஓடையில் நீந்தி வந்தது. துழாவிக்கு ஊர் சுற்றுவதுதான் வேலை. ஆற்றோரத்தில் உள்ள எல்லாப் பள்ளங்களுக்கும் போகும். எந்தப் புல்லில் எந்த மீன் முட்டையிடுகிறது, எந்த நாணலில் எந்தத் தவளை கத்துகிறது என்று பார்க்கும். முகரும். கடித்துப் பார்க்கும். போன வருஷம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்க்கும். "தின்னவும் மாட்டாள், சும்மா விடவும் மாட்டாள்" என்று மற்ற பிராணிகள் அதைக் கேலி செய்யும்.

துழாவி புதுச் செடியின் காம்பைக் கடித்தது. உடனே துப்பியது.

"தத்தா, இது நம்ம ஆற்றுச் செடி இல்லை."

"இருக்கட்டுமே அக்கா! எவ்வளவு அழகு பார்!"

"அழகுதான். நானும் இப்படி ஒரு பூவைப் பார்த்ததில்லை. ஆனால் இதை யார் தின்பார்கள்?"

"யாரும் தின்னாவிட்டால் நல்லதுதானே! கூடு பத்திரமாக இருக்கும்!"

"யாரும் தின்னாத செடி எதுவரை வளரும்? எனக்குத் தெரியவில்லை. தெரிகிற வரைக்கும் இதை உள்ளே விடாதே."

துழாவி மேல்பள்ளங்களைப் பார்க்கப் போய்விட்டது. தத்தன் அது போன திசையைப் பார்த்தது. பூவைப் பார்த்தது. பிறகு செடியின் வேரை அலகால் கவ்வி, இழுத்து இழுத்துக் குளத்துக்குள் கொண்டுவந்து விட்டது.

ஒரு செடி இரண்டானது. இரண்டு நான்கானது. சித்திரையில் குளத்தின் ஒரு மூலை பச்சையானது. ஆடியில் தண்ணீரே கண்ணுக்குத் தெரியவில்லை. குளம் முழுக்க ஊதாப் பூ! காலை வெயில் பட்டால் வானம் இறங்கி வந்து படுத்திருப்பது போல இருக்கும். ஓட்டாண்டி என்ற ஆமை தினமும் அந்தப் பூமெத்தையின் ஓரத்தில் படுத்து வெயில் காயும்.

"தத்தா, நீ கெட்டிக்காரன்! ராஜாவுக்குக்கூட இப்படி ஒரு மெத்தை கிடையாது!" என்று அது புகழும். தத்தனுக்கு வால் இறகு இன்னும் ஒரு சாண் நீண்டது போல இருக்கும்.

செடிகள் ஓடைக்குள்ளும் புகுந்து நெருக்கின. வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. பின்னிய வேரில் சேறு தங்கியது. சேற்றில் புல் முளைத்தது. ஓடை முகத்தில் ஒரு கனத்த பச்சைச் சுவர் எழும்பிவிட்டது. இருப்பதிலேயே பத்திரமான இடம் அதுதான் என்று தத்தன் அங்கே கூடு கட்டியது. ஒரு தாய் இலைக்கோழி வந்து நான்கு முட்டையிட்டுவிட்டுப் போனது. பித்தளை போல மினுங்கும் முட்டைகள். தத்தன் சிறகை விரித்து அவற்றின் மேல் உட்கார்ந்தது.

ஐப்பசி வந்தது. ஆறு பெருகியது. செங்காவி வெள்ளம் ஓடை முகத்தில் வந்து மோதியது. பச்சைச் சுவர் நடுங்கியது. தத்தனும் நடுங்கியது. ஆனால் சுவர் விலகவில்லை! வெள்ளம் முனகிக்கொண்டே திரும்பி ஆற்றோடு போய்விட்டது.

"ஜெயித்துவிட்டோம்!" என்று ஓட்டாண்டி கத்தியது. "தத்தன் வெள்ளத்தையே திருப்பி அனுப்பிவிட்டான்!"

தத்தன் தன் முட்டைகளை எண்ணியது. நான்கும் இருந்தன. அதன் வாழ்க்கையிலேயே அவ்வளவு சந்தோஷமான நாள் வேறு இல்லை.

பத்து நாள் போனது. குளத்தில் இருந்து ஒரு நாற்றம் எழுந்தது. ஓட்டாண்டி மூக்கைச் சுளித்துக்கொண்டு கரைக்கு ஏறிவிட்டது. தவளைகளின் சத்தம் நின்றுபோனது. ஒரு மதியத்தில், தத்தனின் கூட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சிறு இடைவெளியில் ஒரு தலை மேலே வந்து வாயைத் திறந்தது. அது வரியன் என்ற விரால் மீன்.

"தத்தா, நீயும் குஞ்சு காக்கிறவன். நானும் குஞ்சு காக்கிறவன்" என்றது வரியன். "எனக்கு மேலே வந்து காற்றுக் குடிக்கத் தெரியும். என் பார்ப்புக் குஞ்சுகளுக்கு இன்னும் தெரியாது. தண்ணீருக்குள் மூச்சே இல்லை. நேற்று நூறு இருந்தன. இன்று பாதிதான் இருக்கின்றன."

"வெள்ளம் வரவில்லையே! பிறகு எப்படிச் சாகும்?" என்று தத்தன் திகைத்தது.

"வெள்ளம் வராததால்தான் சாகிறது!"

இப்படிச் சொன்னது வரியன் இல்லை. மேல்பள்ளங்களில் இருந்து திரும்பிவந்த துழாவி ஓடைக் கரையில் நின்றுகொண்டிருந்தது. நீர்நாயைக் கண்டதும் வரியன் சட்டென்று மூழ்கியது.

"பயப்படாதே, வரியா! வயிறு நிறைந்திருக்கிறது!" என்று துழாவி குரல் கொடுத்தது. பிறகு தத்தனைப் பார்த்தது. "மேலே மூன்று பள்ளங்களைப் பார்த்துவிட்டு வருகிறேன். இரண்டில் வெள்ளம் புகுந்திருக்கிறது. அங்கே மீன் துள்ளுகிறது. மூன்றாவதில் இந்த ஊதாப் பூ இருக்கிறது. அங்கே ஒரு மீன்கூட இல்லை. உன் தலையைத் தண்ணீருக்குள் விட்டுப் பார், தத்தா."

தத்தன் இடைவெளி வழியாகத் தலையைத் தண்ணீருக்குள் விட்டது. மேலே நல்ல வெயில். உள்ளேயோ கும்மிருட்டு! கறுத்த வேர்கள் திரை திரையாகத் தொங்கின. அழுகிய இலைகள் அடியில் குவிந்து கிடந்தன. அதன் பழைய அல்லிக்கொடிகள் வெளுத்துக் கூழாகிக் கிடந்தன. வேர்களுக்கு நடுவே, வெள்ளை வயிறு மேலே தெரிய, சின்னஞ்சிறு மீன்கள் மிதந்தன.

தத்தன் தலையை வெளியே எடுத்தது. 

"நான்தான் இழுத்து வந்தேன், அக்கா. நீ சொன்ன பிறகும் இழுத்து வந்தேன்."

"தெரியும். இப்போது என்ன செய்யப் போகிறாய்?"

"இந்தச் சுவரை உடைக்க முடியுமா?"

"முடியும். மலையில் மழை கொட்டுகிறது. நாளை சாயங்காலத்துக்குள் அடுத்த வெள்ளம் வந்துவிடும். அதற்குள் ஓடையைத் திறக்க வேண்டும். ஆனால் உன் கூடு சுவர் மேல்தானே இருக்கிறது?"

தத்தன் முட்டைகளைப் பார்த்தது. உள்ளே குஞ்சுகள் அசைய ஆரம்பித்திருந்தன. வரியன் மறுபடி மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுக் கீழே போனது.

"உடைத்துவிடுவோம்!" என்றது தத்தன்.

அது காட்டுக்குள் பறந்து போய், மண்கிளறி என்ற காட்டுப்பன்றியைக் கூப்பிட்டது. மண்கிளறி தன் கூட்டம் முழுவதையும் கூட்டிக்கொண்டு வந்தது. பன்றிகள் முகத்தால் முட்டின. கோரைப்பல்லால் கிழித்தன. துழாவி தண்ணீருக்குள் போய் வேர்களைக் கடித்து அறுத்தது. ஓட்டாண்டியும் வெட்கத்தோடு வந்து இலைகளைக் கவ்வி இழுத்தது.

"பிடுங்கியதை ஆற்றில் விடாதீர்கள்!" என்று துழாவி கத்தியது. "கீழே இருக்கிறவர்களுக்கும் இதே கதிதான்! மேட்டுக்கு இழுத்துப் போடுங்கள்! வெயிலில் காயட்டும்!"

தத்தன் தன் வேலையைத் தனியாகச் செய்தது. முட்டையைத் தாடைக்கும் மார்புக்கும் நடுவே அணைத்துக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்தது. பள்ளத்தின் மேல்மூலையில், குளத்தை விட்டுத் தள்ளி, பூச்செடி இன்னும் எட்டாத ஒரு சிறு குட்டையில் கொஞ்சம் அல்லி மிச்சம் இருந்தது. அங்கே நாணல் தட்டைகளை வளைத்து ஒரு புதுக் கூடு. முதல் முட்டை போய்ச் சேர்ந்தது. இரண்டாவதும் சேர்ந்தது. மூன்றாவதும் சேர்ந்தது. நான்காவதைக் கொண்டுபோகும்போது கிழிந்த மெத்தை காலடியில் விலகியது. முட்டை நழுவியது. ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான்.

தத்தன் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு மூன்று முட்டைகளிடம் திரும்பி ஓடியது.

மறுநாள் சாயங்காலம் தூரத்தில் ஓர் இரைச்சல் கேட்டது. அதற்குள் ஓடையும் குளமும் தெளிந்திருந்தன. பன்றிகள் கடைசிக் கொத்தை மேட்டில் தள்ளிவிட்டு விலகின. வெள்ளம் வந்தது.

தத்தன் சிறகுக்குள் முட்டைகளை இறுக அணைத்துக்கொண்டு கண்ணை மூடியது. கூடு ஆடியது. உயர்ந்தது. இன்னும் உயர்ந்தது. ஆனால் கலையவில்லை. நாணல் வளைந்து கொடுத்தது. அல்லிக்கொடி தண்ணீரோடு நீண்டு கொடுத்தது. தத்தன் மெல்லக் கண்ணைத் திறந்தது.

அதன் முன்னால் காடே ஆறாகியிருந்தது! மருத மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றன. சாய்ந்த வெயில் மரங்களுக்கு நடுவே தண்ணீர் மேல் பொன்னாக ஓடியது. அந்தப் பொன்னுக்குள் ஏதோ அசைந்தது. ஒன்று இல்லை, ஆயிரம்! கெண்டைகள் வந்தன. கெளுத்திகள் மீசையால் தடவிக்கொண்டு வந்தன. ஆரல்கள் நெளிந்து வந்தன. ஆற்றின் ஆழத்தில் இருந்து எல்லாம் மேலே ஏறி, முழுகிய புல்லுக்குள் புகுந்து, வால் அடித்து, முட்டைகளைத் தூவின. புல் நுனி ஒவ்வொன்றிலும் முத்து கோத்தது போல முட்டைகள்! காய்ந்து கிடந்த மண்ணுக்குள் உறங்கிய தவளைகள் எழுந்து ஒரே குரலில் கத்தின. அந்தச் சத்தத்தில் காடே நடுங்கியது.

மரங்களுக்கு நடுவே வரியன் வந்தது. அதற்குக் கீழே, செந்தூள் தூவியது போல, மிச்சமிருந்த பார்ப்புகள் கொத்தாக நீந்தின.

"இத்தனை பேரும் எங்கே இருந்தார்கள், அக்கா?" என்று தத்தன் கிசுகிசுத்தது. உரக்கப் பேச அதற்கு மனம் வரவில்லை.

"ஆற்றில் காத்திருந்தார்கள். இந்தக் கதவு திறக்கட்டும் என்று காத்திருந்தார்கள்" என்றது துழாவி. அதன் கண்ணும் பளபளத்தது. "வருஷா வருஷம் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் வாயடைத்துப் போகிறேன். ஓடுகிற இடம் மட்டும் ஆறு இல்லை, தத்தா. வருஷத்துக்கு ஒரு தடவை அது கால் நீட்டிப் படுக்கிற இடமும் ஆறுதான். நீயும் நானும் அது படுக்கிற இடத்தில்தான் குடியிருக்கிறோம்."

 தத்தனின் வயிற்றுக்கு அடியில் ஏதோ குத்தியது. குனிந்து பார்த்தது. முதல் முட்டையில் விரிசல் விட்டிருந்தது. அதில் இருந்து ஒரு குட்டி அலகு எட்டிப் பார்த்தது.

மூன்று குஞ்சுகள் பொரித்தன. தண்ணீர் வடிந்த பிறகும் நாணல் இடுக்குகளில் அங்கங்கே ஊதாப் பூச்செடிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரேயடியாக ஒழிந்துவிடும் செடி இல்லை அது. அதனால் தத்தன் குஞ்சுகளோடு இரை தேடப் போகும்போதெல்லாம், கண்ணில் பட்ட ஒவ்வொரு துண்டையும் பிடுங்கி மேட்டில் போட்டது. கடைசிவரை அந்த வேலையை அது விடவில்லை.

தன் கூட்டுக்குப் பாதுகாப்பு என்று முன்பின் தெரியாத ஒன்றை வாசலில் வளர்ப்பவர், எல்லோருக்கும் உயிர் வரும் வழியைத் தம் கையாலேயே அடைத்துவிடுவார்.