பச்சைநாச்சி பெத்த கறுப்புக்கல்லு

கடலுக்குக் கீழ, அதுக்கும் கீழ, ஒரு ஊர்ல ஒரு பச்சைக்கல்லு இருந்தா. பேரு பச்சைநாச்சி. காலை ஆட்டாம கேளு. அவ உடம்புக்குள்ளயே ஒரு மக, கருப்பாயி. வெளிய வரணும், கடலைப் பார்க்கணும்னு எப்பவும் நச்சரிப்பு. அம்மா உருகினாத்தானே மக வெளிய வருவா?

ம் சொல்லு, இல்லாட்டி நிறுத்திடுவேன்.

அந்த ஊர்ல எதுக்கும் சூடுதான் மருந்து. அதனால பச்சைநாச்சி அடியில இருக்கிற நெருப்பு மாமாகிட்ட கேட்டா. அவரு புஸ்ஸு புஸ்ஸுன்னு ஊதினாரு. உருகலை. அப்புறம் பக்கத்துக் கல்லுங்களை நெருங்கி உட்காரச் சொன்னா. புழுங்கிச்சே தவிர உருகலை. எப்படி உருகும்? தலைக்கு மேல அவ்வளவு பாரம். எவ்வளவு சுட்டாலும் கல்லு இறுகித்தான் கிடக்கும்.

மேல தரை அண்ணன், தரை தம்பி, ரெண்டு பேரும் தோளோட தோள் ஒட்டிப் படுத்திருந்தாங்க. மேல இருக்கிறவங்களை நகரச் சொல்றது அந்த ஊர்ல மரியாதை இல்ல. அதனால ஒருத்தியும் கேட்டதே கிடையாது.

பச்சைநாச்சி கேட்க வாயைத் திறந்தா. நாத்தனார்க் கல்லு விடுவாளா?

"மகளை அனுப்பிட்டு, பால் பிழிஞ்ச தேங்காய்ச் சக்கையா கிடக்கப் போறே."

பச்சைநாச்சிக்கும் அந்தப் பயந்தான். போன மக திரும்பி வருவாளா? ஆனாலும் கேட்டா.

"அண்ணே, கொஞ்சம் நகருங்க."

ம்?

அப்போ மடார்னு ஒரு விரிசல். அண்ணன் அந்தப் பக்கம், தம்பி இந்தப் பக்கம், நகம் வளர்ற வேகத்துல நகர்ந்தாங்க. பச்சைநாச்சி மெல்ல மெல்ல மேல ஏறினா. பாரம் குறையக் குறைய, யாரும் சூடு கூட்டாமலே உடம்பு கசிஞ்சுது. சொட்டு, சொட்டு, சொட்டு. முழுசா இல்ல, கொஞ்சந்தான். அந்தக் கொஞ்சந்தான் கருப்பாயி. குபுகுபுன்னு ஏறினா, கடலைத் தொட்டா, சொய்ங்! குளிர்ல தலகாணி மாதிரி உருண்டு, கறுத்து, கல்லாயிட்டா.

கீழ பச்சைநாச்சி வறண்டு கிடந்தா. அந்த நச்சரிப்பு இருந்தப்போ தொல்லையா இருந்துச்சு. இப்போ அதைத்தான் காது தேடுச்சு. அப்புறம் மக ஒட்டிக் கிடந்த மேல்தரை நகர்ந்துச்சு. ஐயோ, மக தூரமாப் போறாளேன்னு பதறினா. பார்த்தா, அதோட ஒட்டிக்கிட்டு இவளும் நகர்றா.

மேலேருந்து மெல்லிசா ஒரு குரல்: "கடலு ஜில்லுனு இருக்கு. எனக்குக் கீழ யாரு, இவ்வளவு கதகதப்பா?"

"நான்தான்டி. உங்கம்மா."

கதையும் ஆறிப்போச்சு. கண்ணை மூடு.